விஞ்ஞானத் துறையின் நோக்கங்கள்

ராயபுரத்தில் சரக்கு ரயில் பாதையை ஒட்டி ஒரு மிடில் ஸ்கூல் இருந்தது. ஏழாம் வகுப்புவரை ஓட்டுக் கட்டடம். அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கீற்றுக் கொட்டகை. சர்க்கார் அங்கீகாரம் கொடுத்தால் வருகிற ஜூன் மாதம் அந்தக் கொட்டகையில் எட்டாம் வகுப்பு நடக்கும். கொடுக்காவிட்டால் மாடு கட்டலாம் என்று தமிழய்யா ஆறுமுகநயினார் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தோராம் வருஷம் அது. அங்கீகாரம் கேட்டு எழுதியதற்கு மேலிடத்திலிருந்து வந்த பதிலில் ஒரு புது நிபந்தனை இருந்தது. பாடங்களைத் துறை துறையாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைவர் வேண்டும். ஒவ்வொரு துறையும் தன்னுடைய போதனா நோக்கங்களைத் தெளிவாக எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருந்ததே ஐந்து பேர்தான். தலைமை ஆசிரியை தேவப்பிரியம், அங்கே எல்லோருக்கும் பெரிய டீச்சர், அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு ஐந்து பேரையும் ஐந்து துறைகளுக்குத் தலைவராக்கினார். தலைவரும் அவரே, துறையும் அவரே, துறையைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிறவரும் அவரே.

விஞ்ஞானத் துறை ஹபீபுல்லாவுக்கு வந்தது. வண்ணாரப்பேட்டைக்காரர், முப்பத்தாறு வயது, தொப்பியும் கோட்டும் இல்லாமல் வகுப்புக்குள் நுழையமாட்டார். விஞ்ஞானத் துறையின் சொத்து என்று பார்த்தால் ஒரு மர அலமாரி. அதற்குள்ளே ஒரு காந்தம், ஒரு பூதக்கண்ணாடி, இடது காலைக் கரையான் தின்றுவிட்ட எலும்புக்கூட்டுப் படம் ஒன்று, விளிம்பு உடைந்த கண்ணாடித் தம்ளர் ஒன்று, பாதி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்று. மாணவர்கள் சுகாதாரமும் இதே துறைதான். நகம் வெட்டுவது, எச்சில் துப்பாமல் இருப்பது, அம்மை குத்திக்கொள்வது எல்லாம் ஹபீபுல்லாவின் ராஜ்யம்.

மற்றவர்கள் நோக்கங்களை ஒப்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். தமிழய்யா ஒரு பக்கம் முழுக்க மோனை வைத்து எழுதியதில் நோக்கம் எங்கே இருக்கிறது என்று பெரிய டீச்சருக்கே அகப்படவில்லை. ஹபீபுல்லா அப்படியில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்து ஆறு நோக்கங்கள் எழுதினார். நாலாவதை மட்டும் சிவப்பு மசியில் எழுதினார். 'கண்ணால் கண்டதை மட்டும், கண்டது கண்டபடியே சொல்லும் பழக்கத்தை மாணவரிடம் உண்டாக்குதல்.' எழுதி முடித்துவிட்டு அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கர்வம் என்றால் அப்படி ஒரு கர்வம். வீட்டில் ஜஹானாராவுக்கும் வாசித்துக் காட்டினார். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, நல்லாத்தான் இருக்கு என்றாள்.

டெபுடி இன்ஸ்பெக்டர் பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை வருவதாகத் தாக்கல் வந்தது. அவர் முன்னால் ஒவ்வொரு துறையும் ஏழாம் வகுப்புக்கு ஒரு மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். ஹபீபுல்லா மெழுகுவர்த்திச் சோதனையை எடுத்துக்கொண்டார். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை நட்டு ஏற்றி, அதன்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்க்க வேண்டும். மெழுகுவர்த்தி அணையும். தம்ளருக்குள்ளே தண்ணீர் மேலே ஏறும். உள்ளே இருந்த காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு, அது செலவாகிவிட்டது என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

புதன்கிழமை ஒத்திகை. முப்பத்தொரு பிள்ளைகள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். மெழுகுவர்த்தி சொன்னபடி அணைந்தது. தண்ணீர்தான் ஏறவில்லை. தம்ளரின் உடைந்த விளிம்பு வழியாகக் காற்று குபுகுபு என்று உள்ளே போய்விட்டது. புதுத் தம்ளர் வாங்க நேரமில்லை என்பது அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். தங்கசாலைப் பக்கம் சைக்கிளில் ஒரு நடை போயிருந்தால் கிடைத்திருக்கும். போகவில்லை.

"என்ன பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறியது சார்," என்று வகுப்பு கோரஸாகச் சொன்னது. அப்படிச் சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே மனப்பாடம் ஆகியிருந்தது.

"ஏறலயே சார்," என்றது ஒரு குரல்.

பச்சையம்மா. பனைமரத்தொட்டியிலிருந்து வருகிற பெண். ஒட்டி வாரிய தலை, முழங்கையில் கொசுக்கடி. துடுக்கு ஒன்றும் கிடையாது. குனிந்து, தட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"இன்னொரு தடவை பாரு."

பார்த்தாள். "அப்டியேதான் சார் கீது. ஓட்ட வயியா காத்து பூந்துகினு போவுது."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஹபீபுல்லா தம்ளரைத் தட்டிலிருந்து எடுத்தார். நாளைக்கு இதே பெண் இதே வாயால் டெபுடி இன்ஸ்பெக்டர் முன்னால் இதையே சொல்லுவாள். சொல்லாதே என்றால் கேட்பாளா என்று பார்த்தார். கேட்கிற முகமாகத் தெரியவில்லை. அது பிடிவாதமுள்ள முகம் என்று நினைத்தார். உண்மையில் அது வெறும் பன்னிரண்டு வயது முகம்.

மணி அடித்துப் பிள்ளைகள் கலையும்போது அவளை மட்டும் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீ வர வேணாம். வெள்ளிக்கிழமை வா."

"ஏன் சார்?"

"வேணாம்னா வேணாம். வீட்ல இரு."

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று பாவாடையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்திருந்தாளாம். அதைச் சொன்னாள். பிறகு சரி சார் என்று போய்விட்டாள். அப்போதே அவருக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் உறுத்துகிறதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் எட்டாம் வகுப்பு எப்படி வரும் என்று அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. சுவரில் மாட்டிய அட்டைகளை ஒவ்வொன்றாக நின்று படித்தார். சிவப்பு மசியில் எழுதிய நோக்கத்துக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"ரொம்ப நன்றாக இருக்கிறது. மற்ற பள்ளிக்கூடங்களுக்கும் சொல்ல வேண்டும்." அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் எழுதிக்கொண்டிருந்தபோது மெழுகுவர்த்தி அணைந்தது. தண்ணீர் ஏறவில்லை. முப்பது பிள்ளைகள் ஏறியது என்றார்கள். அவர் தலை நிமிர்ந்தபோது ஹபீபுல்லா தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். டெபுடி இன்ஸ்பெக்டர் கடைசியாக வருகைப் பதிவேட்டைக் கேட்டார்.

"முப்பத்தொண்ணில் முப்பது. ஒரு பெண் மட்டும் வரவில்லையே. ஏன்? நான் வருகிற நாளாகப் பார்த்துச் சுமாரான பிள்ளைகளை வீட்டில் நிறுத்துகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. இங்கே அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்."

பெரிய டீச்சர் ஹபீபுல்லாவைப் பார்த்தார். ஹபீபுல்லாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஜுரம் என்று சொல்லியிருக்கலாம். கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பங்குனி மாதத்து ராயபுரத்தில் யாரும் மறுகேள்வி கேட்காத காரணம் ஒன்றே ஒன்றுதான். கல்யாண வீட்டுக்கு வராதவன், வேலைக்கு வராதவன், கடன் திருப்பித் தராதவன் எல்லோருக்கும் அது கைகொடுக்கும். அவர் வாயிலும் அதுதான் வந்தது.

"அம்மை சார்."

டெபுடி இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. "பெரியம்மையா?"

"அப்படித்தான் தோணுது சார். நேத்து முகத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு அனுப்பிச்சுட்டேன்."

"நல்ல காரியம் செய்தீர்கள். எந்தத் தெரு?" பதிவேட்டில் இருந்த விலாசத்தை அவர் தனிக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். "கார்ப்பரேஷன் சுகாதார ஆபீசுக்கு நானே போகிற வழியில் தகவல் கொடுத்துவிடுகிறேன். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா, நீங்களே சுகாதாரம் நடத்துகிறவர்."

தெரியாததா. போன மாதம்தான் அந்தப் பாடத்தை நடத்தியிருந்தார். வேண்டாம் சார், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இவர் சந்தேகப்படுவாரே என்று வாயை மூடிக்கொண்டார். டெபுடி இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வண்டி ஏறினார். எட்டாம் வகுப்புக்குச் சிபாரிசு செய்வதாகப் பெரிய டீச்சரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அன்று சாயந்திரம் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பெரிய டீச்சர் செலவில் காப்பியும் பஜ்ஜியும். ஹபீபுல்லா ஒரு பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

வெள்ளிக்கிழமை பச்சையம்மா வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை, அதே வரிசையில் குடியிருக்கும் ஜெரினாவைக் கேட்டார்.

"அவளுக்கு அம்மை சார். வேன் வந்துச்சு. எங்க எல்லாருக்கும் குத்துனாங்க." ஜெரினா சட்டைக் கையை ஏற்றிக் காட்டினாள். புஜம் சிவந்து வீங்கியிருந்தது. "அவங்க வூட்டாண்ட யாரும் போவறதில்ல சார். அவ அம்மா கெங்கம்மா அக்கா இட்லி கூட விக்கறதில்ல. அவங்க அப்பாவ ஹார்பர்ல மூட்டை தூக்க வராதன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு."

ஹபீபுல்லாவுக்கு முதலில் தோன்றியது, சொல்லவே கூசுகிறது, ஒரு நிம்மதிதான். நிஜமாகவே அம்மை வந்துவிட்டதோ, அப்படியானால் நான் சொன்னது பொய்யில்லையே என்று ஒரு கணம் மனசு துள்ளியது. ஒரு பிள்ளைக்கு அம்மை வந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனசு. மறுகணமே அதை அவரே பார்த்துவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று சாயந்திரம் பள்ளி விட்டதும் பனைமரத்தொட்டிக்குப் போனார். பதினோரு குடிசைகள் உள்ள வரிசை. ஆறாவது குடிசையின் வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. மண்ணில் பிளீச்சிங் பவுடர் வெள்ளையாகக் கிடந்தது. இட்லிக் குண்டான் கவிழ்த்து வைத்திருந்தது. வாசலுக்கு வெளியே பச்சையம்மாவின் அப்பா லோகநாதன் குந்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியாரைக் கண்டதும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார்.

உள்ளேயிருந்து கெங்கம்மா ஓடி வந்தாள். நாலடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"கிட்ட வராத சார். புள்ள குட்டிக்காரரு நீ."

"எப்படி இருக்கா?"

"இன்னும் முத்து போடல சார். கார்ப்ரேசன் ஆளுங்க வந்து பாத்தாங்கோ. ஒண்ணும் காணோமே, ஆனா ஸ்கூல்லந்து சொல்லிகிறாங்க, பதினாறு நாளு பாக்கணும், எங்கயும் போவாதீங்கன்னுட்டாங்கோ. நான்தான் சொன்னேன், வாத்தியாரு பட்ச்சவரு, மூஞ்ச பாத்தே கண்டுபுட்ச்சிட்டு வூட்டுக்கு அனுப்ச்சாரு, நமக்குத் தெரியாதது அவுருக்குத் தெரியும்னு." அவள் கை கூப்பினாள். "நீ மட்டும் சொல்லலன்னா நான் பாட்டுக்கு இட்லி வித்துகினு, ஆத்தா வரப்போறான்னு தெரியாம தாளிச்சிக் கொட்டிகினு இருந்திருப்பேன். இப்ப முன்னாடியே வேப்பலைல படுக்க வெச்சி பயபக்தியா கீறோம். ஆத்தா லேசா வந்துட்டுப் பூடுவா."

உள்ளே இருட்டில் வேப்பிலைப் படுக்கையில் பச்சையம்மா எழுந்து உட்கார்ந்தாள். தலை வாராமல் சிக்குப் பிடித்திருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்," என்றாள். "ஜொரமே இல்ல."

"படு கண்ணு. ஒடம்பு சூடாத்தான் கீது, நான் தொட்டுப் பாத்தேன். வாத்தியாரு பொய்யா சொல்லுவாரு?"

பச்சையம்மா அவரைப் பார்த்தாள். ஒத்திகையன்று தட்டைப் பார்த்த மாதிரியே நேராகப் பார்த்தாள். இப்போது சொல்லியிருக்க வேண்டும். நாலு வார்த்தை. அம்மா, அம்மை இல்லை, நான் பொய் சொன்னேன். லோகநாதன் பக்கத்தில் நின்றார். எதிர் வீட்டு வாசலில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஹபீபுல்லா கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இளநீர் நிறையக் குடு," என்றார். "சரியாயிடும்."

வாத்தியாரய்யா சொல்லிவிட்டுப் போகிறார் என்று லோகநாதன் வரிசையின் முனை வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பினார். வழியெல்லாம் தெருப் பிள்ளைகளை ஒதுங்கச் சொன்னார். அந்த மரியாதை ஹபீபுல்லாவைச் சுட்டது. செருப்பைக் கழற்றி இரண்டு போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. வீட்டுக்குப் போய் ஜஹானாராவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு வேண்டாம் என்றார். அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்து, ஜொரம் ஒண்ணும் காணோமே என்றாள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் மணி அடிப்பதற்கு முன்னாலேயே பெரிய டீச்சர் அறைக்குப் போய் ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்தார். டெபுடி இன்ஸ்பெக்டருக்கு எழுதியது. நடந்தது நடந்தபடி.

தேவப்பிரியம் அதைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இது போனா எட்டாம் வகுப்பு போச்சு. தெரியுமா உங்களுக்கு? இந்த முப்பத்தொரு பிள்ளையும் ஏழோட நின்னுடும். மேல படிக்க வேற ஸ்கூலுக்கு அனுப்ப இங்க எத்தனை பேருக்கு வசதி இருக்கு? அந்தப் பச்சையம்மாவும்தான் நின்னுடுவா. பதினாறு நாள்ல இன்னும் பத்து நாள். தானே சரியாயிடும்."

"பத்து நாள் அவளை வேப்பிலையில படுக்க வைக்கணுமா டீச்சர்?"

"நான் அப்படிச் சொல்லலை."

"அந்தம்மா என்னைக் கும்பிட்டா டீச்சர். எம் பொண்ணைக் காப்பாத்திட்டீங்கன்னு கும்பிட்டா. நான் இளநீர் குடுன்னு சொல்லிட்டு வந்தேன்." அவர் கோட்டின் முனையைப் பிடித்துக் காட்டினார். "எனக்கு வெக்கமா இருக்கு. இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு நடக்கவே வெக்கமா இருக்கு."

பெரிய டீச்சர் கடிதத்தை மறுபடி படித்தார். வெளியே தமிழய்யா வரிசையை ஒழுங்குபடுத்தும் சத்தம் கேட்டது.

"அந்தப் பெண்ணை நீங்க வர வேணாம்னு சொன்னது எனக்கு அன்னிக்குக் காலையிலேயே தெரியும்," என்றார் கடைசியில். "பதிவேட்டைப் பார்த்ததும் புரிஞ்சுது. அவர் கேட்டப்போ நீங்க ஏதாவது சொல்லிச் சமாளிக்கணும்னுதான் உங்களைப் பார்த்தேன். கர்த்தர் அறிய அதுதான் நடந்தது." பேனாவை எடுத்துக் கடிதத்தின் அடியில் தன் கையெழுத்தையும் போட்டார். "இது என் தபாலோட போகும். கார்ப்பரேஷனுக்கும் நான் எழுதறேன். நீங்க மொதல்ல அந்த வீட்டுக்குப் போங்க. உங்க வகுப்பை நான் பார்த்துக்கறேன்."

வெயில் ஏறுகிற நேரத்தில் அவர் மறுபடி பனைமரத்தொட்டிக்குப் போனார். நாலடி தள்ளி நிற்கவில்லை. வாசல் வரைக்கும் போனார். கெங்கம்மா பதறி விலகினாள்.

"அம்மை இல்லம்மா," என்றார். "பச்சையம்மாவுக்கு அம்மை இல்லை. எப்பவும் இல்லை. நான் பொய் சொன்னேன்."

கெங்கம்மாவுக்கு அது ஏறவே இல்லை. "மனசு ஆறட்டும்னு சொல்றியா சார்? பரவால்ல, பத்து நாளுதான், நாங்க இருந்துக்கறோம்."

"இல்லம்மா. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு இவ வரக்கூடாதுன்னு நான்தான் நிறுத்தினேன். ஏன் வரலைன்னு அவர் கேட்டாரு. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

"ஏன் வரக்கூடாது? அவ இன்னா தப்பு பண்ணா?"

இந்தக் கேள்விக்கு அவர் வழியெல்லாம் பதில் தேடிக்கொண்டு வந்திருந்தார். நல்ல பதில் ஒன்றும் அகப்படவில்லை. இருக்கிறதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "என் சோதனை தப்பாப் போச்சு. மத்தப் பிள்ளைங்க எல்லாம் நான் சொல்லிக் குடுத்தபடி சரியாப் போச்சுன்னு சொன்னாங்க. உம் பொண்ணு பார்த்ததைச் சொன்னா. அதான் காரணம்."

லோகநாதன் எழுந்து நின்றார். மூட்டை தூக்கிக் காய்ப்பேறிய தோள். அவர் கையை ஓங்கினால் வாங்கிக்கொள்வது என்று ஹபீபுல்லா நினைத்தார். லோகநாதன் ஓங்கவில்லை. வாத்தியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைத் திருப்பிக் காறித் துப்பினார், சாக்கடைப் பக்கமாக.

கெங்கம்மா வேப்பிலைக் கொத்தை அவிழ்த்தாள். ஆத்திரத்தில் பிய்க்கவில்லை. ஆத்தாளுக்குக் கட்டியதாயிற்றே. முடிச்சை நிதானமாக அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, ஓரமாக வைத்தாள். பச்சையம்மா வெளியே வந்து வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"என்னாண்ட சொல்லிட்ட. ரைட்டு," என்றாள் கெங்கம்மா. "நான் போயி அம்மை இல்லன்னா எவ நம்புவா? இட்லி விக்கறதுக்கோசரம் சொல்றான்னுவாங்க. நீயே வந்து ஒவ்வொரு வூட்லயும் சொல்லு சார்."

அவர் போனார். முதல் குடிசையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வாசலிலும் நின்றார். அம்மை இல்லை, நான் பொய் சொன்னேன். முதல் வாசலில் சொன்னபோது குரலே எழும்பவில்லை. சத்தமா சொல்லு சார் என்று கெங்கம்மா பின்னாலிருந்து சொன்னாள். மூன்றாவது வீட்டுக் கிழவர், அப்ப என் கை வீங்கினது சும்மாவா என்று கேட்டார். நாலாவது வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தவள், பால் வாங்க விடாமல் இவளை நான் விரட்டினேனே என்று கெங்கம்மாவைப் பார்த்துக் கண் கலங்கினாள். ஒருவரும் வாத்தியாரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

எட்டாவது வீடு ஜெரினாவுடையது. அவள் அம்மா காத்தூன் பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னாலிருந்து முழுக்கக் கேட்டாள்.

"ஜும்மாவுல மொத வரிசையில நிக்கறவராச்சே நீங்க," என்றாள். "எங்க ஊட்டு ஆம்பளை உங்களைக் காட்டித்தான் எம் புள்ளையப் படிக்கப் போடுன்னாரு."

அவ்வளவுதான் சொன்னாள். ஹபீபுல்லா தலை நிமிரவில்லை. மற்ற வாசல்களில் நின்றபோதாவது யாரோ வேற்று மனிதர்கள் முன்னால் நிற்கிறோம் என்று ஒரு மறைப்பு இருந்தது. இங்கே அதுவும் போயிற்று. மிச்சம் மூன்று வீட்டையும் எப்படிக் கடந்தார் என்று பிறகு அவருக்கே ஞாபகம் இல்லை.

பதினோராவது வாசல் முடிந்தபோது உச்சி வெயில். கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் கெங்கம்மாவின் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று அவர் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் படித்ததில்லை.

"நாளைக்கு அவளை அனுப்பும்மா," என்றார். "அவ படிப்பைக் கெடுத்துடாத. நான் பண்ணினதுக்கு அவளை நிறுத்திடாத."

கெங்கம்மா பெண்ணின் தலைச் சிக்கை விரலால் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அனுப்பறேன் சார். அனுப்பாம இன்னா பண்றது, வேற ஸ்கூலு எங்க கீது எங்களுக்கு." அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாத ஒன்றைக் கேட்கிறவள் மாதிரி கேட்டாள். "ஆனா ஒண்ணு கேக்கறேன், சொல்லு. இது பொய்யின்னு நீயா வந்து சொன்னதால தெரிஞ்சிச்சி. மத்தபடி நீ சொல்லிக் குடுக்கறத அவ தெனம் வூட்டுக்கு வந்து என்னாண்ட சொல்றா. பூமி உருண்டைன்றா, காத்துல இன்னாவோ கீதுன்றா. எனக்குப் படிக்கத் தெரியாது. அதுல எது நெசம், எது பொய்யின்னு நான் எப்டி சார் தெரிஞ்சிக்கறது?"

பச்சையம்மாவும் பதிலுக்காக அவரைப் பார்த்தாள். லோகநாதனும் பார்த்தார். ஹபீபுல்லா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர்கள் மூன்று பேரும் அவசரப்படாமல் காத்துக்கொண்டிருந்தார்கள்.